வலிக் குளிசை

எங்கள் ஊரில் உடம்பு நோகும், வலிக்காது. தலை நோ, பல் நோ, வயிற்று நோ, பிள்ளை பெறுகிற நோ எல்லாம் நோதான். வலி என்றால் அது வேறு. ஆள் நின்ற நிலையில் விழுந்து, கண் செருகி, கைகால் இழுத்து, வாயால் நுரை தள்ளினால் அதுதான் வலி. குருநகரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? இந்த ஒழுங்கையில் அரைவாசிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் நான். கொழும்பிலிருக்கிற மகனுக்கு, ஜேர்மனிக்குப் போன புருஷனுக்கு, மன்னாரில் கட்டிக் கொடுத்த மகளுக்கு, எல்லாம் என் கையெழுத்துத்தான். மக்டலீன் எழுதினால் பதில் வராமல் இராது என்று சொல்லுவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. அந்தப் பெருமையில் மண் விழ.

என் தம்பி கனிசியஸ் எண்பத்து நாலில் இயக்கத்துக்குப் போனான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தபின், கலியாணமும் கட்டாமல் நான் வளர்த்த பிள்ளை. போகும்போது ஒரு சொல் சொல்லவில்லை. இந்தியாவில் பயிற்சி எடுத்துத் திரும்பி வந்து, எண்பத்தாறில் கோட்டைக்குப் பக்கத்துக் காவலரணில் நின்றபோது ஷெல் விழுந்தது. கூட நின்ற இரண்டு பேர் அந்த இடத்திலேயே முடிந்தார்கள். இவனுக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு துண்டு உள்ளே போனது. அதை எடுத்தால் ஆள் தப்பாது என்று டாக்குத்தர் உள்ளேயே விட்டுத் தைத்தார். அடுத்த வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செத்த இரண்டு பேருக்கும் சந்தியில் படம் வைத்து மாலை போட்டார்கள். இவன் சாகாமல் வந்தான், அதுதான் இவன் செய்த குற்றம். அரைகுறையாகத் திரும்பி வந்தவனை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கிறிஸ்து பிறந்த முதல் நத்தாருக்கு இரண்டு பேர் வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களையும் காணோம்.

சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் இருப்பான். கட்டிலில் படுக்க மாட்டான், கட்டிலுக்குக் கீழேதான் படுப்பான். யாராவது தகரப் படலையை அடித்துச் சாத்தினால் அடுப்படிக்குள் பாய்ந்து பதுங்குவான். வலைக்குக் கண் போடுகிற கை நடுங்கத் தொடங்கி, கடைசியில் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டான். தலை நோ நாள் முழுக்க. பொழுதுபடப் பொழுதுபட அது கூடும். தாங்க முடியாமல் சுவரில் தலையை இடிப்பான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் கறி காய்ச்சியிருக்கிறேன். கோபம் வந்தால் கையில் அகப்பட்டதை எறிவான், எறிந்துவிட்டு அழுவான்.

"அக்கா, மூண்டு பேரிலை நான் ஏன் மிஞ்சினன்?"

"சோத்தைத் தின்னடா" என்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே இந்த வலி. வலி வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பார்கள். ஒரு பழைய கதவுத் தாழ்ப்பாளைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் நான் கோயிலுக்கும் போவது. ஒருநாள் வள்ளத்தில் போன இடத்தில் வலி வந்து கடலுக்குள் விழுந்துவிட்டான். அடுத்த வீட்டு மரியரட்ணம் அண்ணை தலைமயிரில் பிடித்துத் தூக்கிக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு யாரும் அவனை ஏற்றவில்லை. நானும் கரையில் கால் நனைக்க விடவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "கடலுக்குள்ளை நிக்கேக்கைதான் அக்கா தலைக்குள்ளை சத்தமில்லை" என்று ஒருநாள் சொன்னான். நான் காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

ஒரேயொரு பகிடியைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தியன் ஆமி நின்ற எண்பத்தெட்டாம் ஆண்டு. இயக்கத்தில் இருந்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்ததால் தம்பியை வீட்டு அறைக்குள் ஒளித்து வைத்திருந்த காலம். கடைக்குப் போகிற வழியில் முள்ளுக்கம்பி என் காலைக் கிழித்துவிட்டது. காவலில் நின்றவன் ஒரு தமிழ்ப் பொடியன், மதுரைப் பக்கமாம். இரத்தத்தைக் கண்டு ஓடிவந்து குனிந்தான்.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

வீட்டில் வலிக்காரன் ஒருவன் ஒளித்திருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? எந்த அறுவான் காட்டிக் கொடுத்தான்?

"வலியோ? எனக்கு வலியில்லை! எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் வலியில்லை! எங்கடை பரம்பரையிலையே இல்லை!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அந்தப் பொடியன் என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு துணியைக் கட்டி அனுப்பினான். வீட்டுக்கு வந்து பதறிப் பதறிச் சொன்னேன். கனிசியஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஷெல் பட்ட பிறகு அவன் சிரித்து நான் முதல் முதல் கண்டது அன்றைக்குத்தான்.

"எணை அக்கா, அவங்கள் நோவைத்தான் வலி எண்டுறது. நான் அங்கை இருந்தனான், எனக்குத் தெரியும். உனக்குக் கால் நோகுதோ எண்டு கேட்டிருக்கிறான்!"

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுப் பகிடியானது. எனக்குக் கோபம் வந்தால், மீன் வெட்டிக் கை கிழித்தால், வந்து குனிந்து அந்தப் பொடியன் மாதிரியே கேட்பான். "ரொம்ப வலிக்குதாக்கா?" நான் அகப்பையால் துரத்துவேன்.

ஆஸ்பத்திரியில் மாதாமாதம் குளிசை தந்தார்கள். சின்ன வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று, பொழுதுபட ஒன்று. போட்டால் ஆள் கொஞ்சம் தூங்கி வழிவான், ஆனால் வலி எப்போதாவதுதான் வரும். தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் மருந்து வருவது நின்றது. பிறகு றஹீம் நானாவின் மருந்துக்கடைதான் கதி. எங்கிருந்து எடுப்பாரோ தெரியாது, ஒரு பையில் கட்டி எனக்கென்று ஒளித்து வைத்திருப்பார். ஐப்பசி மாதம் சோனகத் தெரு முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். சொன்னது என் தம்பி இருந்த அதே இயக்கம்தான். நான் ஓடிப்போனேன். றஹீம் நானா மனைவி ஜலீலாவையும் பிள்ளைகளையும் தெருவில் நிற்பாட்டிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு திரும்பத் திறந்தார்.

"அறுபது கிடக்கு பிள்ளை. பாதி பாதியா உடைச்சுக் குடு. திடீரெண்டு மட்டும் நிப்பாட்டிப்போடாதை."

அந்த நேரத்திலும் அவருக்கு இதைச் சொல்லத் தோன்றியது. எனக்கோ பையை வாங்கிக்கொண்டு வரத்தான் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அன்றைக்குக் கனிசியஸ் சாப்பிடவில்லை. "இதுக்கோ அக்கா நாங்கள் போனது?" என்று மட்டும் கேட்டான்.

பாதி பாதியாகக் கொடுத்தது நத்தாரோடு முடிந்தது. தை மாதம் முழுக்க நரகம். ஒரு கிழமையில், ஏழே நாளில், மூன்று வலி வந்தது. ஒன்று அடுப்படியில் வந்து, கை நெருப்புக்குள் போய், முழங்கை வரை வெந்துபோனது. இப்படியே விட்டால் அடுத்த மாதம் தம்பி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மரியரட்ணம் அண்ணை சனம் ஏற்றிக்கொண்டு இராமேஸ்வரம் போய் வருகிறவர். எங்கள் மச்சாள் யசிந்தா அங்கே மண்டபம் முகாமில் இருந்தாள். அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட முடிவு செய்தேன். குளிசையின் பெயர் ஆஸ்பத்திரிக் கொப்பியில் இங்கிலீசில் இருந்தது. ஆனால் அந்தக் கொப்பியில் ஷெல் காயம் என்றும் இருந்தது. நடுக்கடலில் நேவி பிடித்தாலும் அந்தக் கரையில் பொலிஸ் பிடித்தாலும் மரியரட்ணம் அண்ணையின் கழுத்துக்குத்தான் கயிறு. அதனால் கொப்பியைக் கொடுக்கவில்லை. டாக்குத்தரின் கோழிக் கிறுக்கலைப் பார்த்து எழுதவும் எனக்குத் தெரியவில்லை. வேண்டாம், எனக்கென்ன தமிழ் தெரியாதா என்று நினைத்தேன். அழகாக, உறுப்பாக எழுதினேன். "தம்பிக்குத் தலையில் பட்ட அடியால் வலி. மிகவும் கஷ்டப்படுகிறான். நல்ல வலிக் குளிசை நூறாவது வாங்கி அனுப்பி அவன் உயிரைக் காப்பாற்றவும்."

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தபசு காலத்தில், பங்குனி முதல் கிழமை, மரியரட்ணம் அண்ணை ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தார். அப்படியே நிலத்தில் இருந்து மாதாவுக்கு நன்றி சொல்லி அழுதேன். நூறு குளிசை, பத்துப் பத்தாக அட்டையில். முந்தினதைவிடக் கொஞ்சம் பெரிது. இந்தியாவில் எல்லாம் பெரிசுதானே என்று நினைத்தேன். டாக்குத்தரிடம் காட்டியிருக்கலாம் என்று இப்போது நீங்கள் சொல்லுவீர்கள். மருந்து வந்த கதை வெளியே போனால், காயக்காரருக்குத் தேவை என்று யாராவது வந்து வாங்கிப் போய்விடுவார்களோ என்று எனக்குப் பயம். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். றஹீம் நானா இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார்.

யசிந்தாவின் கடிதமும் கூட வந்தது. முகாமில் தண்ணீர் இல்லை, பிள்ளைக்குச் சிரங்கு என்று முன்பக்கம் முழுக்க அழுதிருந்தாள். பின்பக்கம் குளிசை வாங்கிய கதை. குளிசை கிடைத்த சந்தோஷத்தில் நான் அதை மேலோட்டமாகத்தான் வாசித்தேன். கனிசியஸ் கையை நீட்டினான். வாசித்தால் தலை நோ கூடும் என்று எதையும் வாசிக்காதவன், இதை முன்னும் பின்னும் மெதுவாக வாசித்தான். வாசித்து முடித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணால் தண்ணீர் வந்தது.

"என்னடா விசரா, என்ன சிரிப்பு?"

"ஒண்டுமில்லை அக்கா. நல்ல குளிசை அனுப்பியிருக்கிறாள்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்துத் தந்தான்.

அன்றைக்கே ஒன்று போட்டான். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து சுவரில் சாய்ந்து இருந்து, "அக்கா, தலை நோகேல்லை" என்றான். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. அன்று பொழுதுபடச் சுவரில் சத்தம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கட்டிலில் ஏறிப் படுத்தான். ஒரு கிழமையில் ஊசியை எடுத்து வலைக்குக் கண் போட்டான். அடுத்த வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினான். முந்தின குளிசைக்குத் தூங்கி வழிந்தவன் இதற்கு முழிப்பாக, கலகலப்பாகத் திரிந்தான். இந்தியக் குளிசை இந்தியக் குளிசைதான் என்று நான் பெருமைப்பட்டேன். ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது, வலி வரவில்லை. முன்னும் சில நேரம் இரண்டு கிழமை வராமல் இருந்ததுதான். அதை நான் நினைக்கவில்லை. நினைக்க விருப்பமில்லை.

"அக்கா, இனி நான் கடலுக்குப் போகலாமே?"

"உயிர்த்த ஞாயிறு மட்டும் பொறு. அதுக்கிடையிலை ஒரு வலியும் வராட்டிப் போ."

"சத்தியமே?"

"மாதா மேலை சத்தியம்."

பெரிய வெள்ளியை நினைத்துத்தான் எனக்குப் பயம். பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணி நின்றுவிடும். மணிக்குப் பதிலாக மரக்கட்டையை அடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார்கள். டப டப டப என்று அது துவக்குச் சூடு மாதிரியேதான் கேட்கும். முந்தின வருஷம் அந்தச் சத்தத்துக்கு, பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளை நிலத்தில் விழுத்தி, மேலே படுத்துக்கொண்டு "தலையைத் தூக்காதை! தலையைத் தூக்காதை!" என்று கத்தினான். பிறகு அங்கேயே வலி வந்தது. சனம் இரும்பு தேடி ஓடியது.

இந்த வருஷம் என் பக்கத்தில் நின்றான். கட்டை அடித்துக்கொண்டு வந்தார்கள். என் கையைப் பிடித்தான், எலும்பு முறிகிற மாதிரிப் பிடித்தான். நெற்றி முழுக்க வியர்வை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கட்டைச் சத்தம் எங்களைக் கடந்து அடுத்த ஒழுங்கைக்குப் போனது. அவன் விழவில்லை. எனக்கு அழுகை அடக்க முடியவில்லை. கட்டைச் சத்தத்துக்கே விழாதவன் இனி எதற்கு விழப்போகிறான்?

உயிர்த்த ஞாயிறு முடிந்து செவ்வாய்க்கிழமை காலை வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டான். வள்ளம் வேண்டாம், நடந்துபோய் வீசுகிறேன் என்றான். எங்கள் கரையில் நெடுந்தூரத்துக்கு முழங்காலளவுதான் தண்ணீர். நானும் கரை வரைக்கும் போனேன். சீலைத் தலைப்பில் இருந்த முடிச்சைப் பார்த்தான்.

"அந்த இரும்பை இனி எறி அக்கா."

அவிழ்த்து எறிந்தேன். கடலுக்குள்தான் எறிந்தேன். அவன் இரண்டடி தண்ணீருக்குள் போய் நின்று திரும்பினான். அந்த மதுரைப் பொடியனின் குரலில் சொன்னான்.

"இப்போ வலிக்கவே இல்லைக்கா!"

நானும் சிரித்தேன். "போடா விசரா, கறிக்கு மீனோடை வா" என்று கத்திவிட்டு, சோறு வைக்க வீட்டுக்கு வந்தேன்.

சோறு வடிக்க முதல் மரியரட்ணம் அண்ணை படலையைத் திறந்துகொண்டு வந்தார். கத்தவில்லை, ஓடவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"தங்கச்சி..." என்றார்.

முழங்காலளவு தண்ணீர். குப்புறக் கிடந்தானாம். வலைக்கயிறு மணிக்கட்டில் சுற்றியபடி. நாக்குக் கடிபட்டு, கைவிரல் மடங்கி, வலி வந்த மாதிரியே இருந்தது. நிமிர்த்திவிட ஒரு ஆள் பக்கத்தில் நின்றிருந்தால் போதும். இடுப்பில் கட்டியிருந்த பறியில் மூன்று மணலை மீன் கிடந்தது. ஐயோ, கறிக்கு மீன் பிடித்து வைத்திருந்தான். அடுத்த நாள் கோயிலில் வைத்துப் பூசை செய்து அடக்கினோம். அவனுக்குச் சந்தியில் படம் வைக்கவில்லை.

அடக்கம் முடிந்து சனம் போன பிறகு, மத்தியானம், அழுது அழுது என் தலை பிளந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியாத நோ. தம்பி முந்தி அந்தக் குளிசை போட்டுத் தூங்கி வழிந்தது நினைவு வந்தது. எனக்கு நித்திரை வந்தால் போதும், எழும்பாவிட்டாலும் பரவாயில்லை. அரிசிப் பானைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து இரண்டு போட்டேன். கட்டிலில் படுத்திருந்தேன்.

நித்திரை வரவில்லை. ஒரு மணித்தியாலத்தில் தலை நோ நின்றுவிட்டது.

அவன் சுவரில் சாய்ந்து இருந்து சொன்னது காதில் கேட்டது. "அக்கா, தலை நோகேல்லை." எழும்பிப் போய் யசிந்தாவின் கடிதத்தை எடுத்தேன். பின்பக்கத்தை முதல் தடவையாக ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.

"கடைக்காரரிடம் வலிக்குக் குளிசை வேணும் என்று கேட்டேன். யாருக்கு, எங்கே வலி என்று கேட்டார். மச்சானுக்குத் தலையில் அடிபட்டதால் வந்த வலி என்று சொன்னேன். இது போட்டால் எப்பேர்ப்பட்ட வலியும் ஒரு மணி நேரத்தில் நிக்கும் என்று சொல்லித் தந்தார். நல்ல மனுசன்."

எங்கே வலி என்று கேட்டாராம். வலி எங்கே வரும்? ஆளுக்குத்தான் வரும், தலைக்கா வரும், காலுக்கா வரும்? குருநகரில் பிறந்த யசிந்தாவுக்கு அது உறைக்கவில்லை. அகப்பையோடு துரத்தித் துரத்திச் சிரித்த எனக்கும் உறைக்கவில்லை. ஊருக்கே கடிதம் எழுதிய என் கை, ஒரு சொல்லை எழுதி, என் பிள்ளையைத் தண்ணீரில் குப்புறப் போட்டுவிட்டது. கையைச் சுவரில் அடித்தேன், அவன் தலையை இடித்த அதே இடத்தில்.

அதற்குப் பிறகுதான் மற்றது விளங்கியது. அவன் இந்தக் கடிதத்தை வாசித்தான். முன்னும் பின்னும் வாசித்தான். அவனுக்கு அந்தப் பேச்சுத் தெரியும். தெரிந்துதான் விழுந்து விழுந்து சிரித்தான். வந்தது நோக் குளிசை, வலிக் குளிசை இல்லை என்று அந்த நிமிஷமே அவனுக்குத் தெரியும். சொன்னால் நான் கடலுக்கு விட மாட்டேன் என்றும் தெரியும். நோவில்லாமல் நாலு கிழமை, கடைசியாக ஒரு காலைக் கடல். அது போதும் என்று நினைத்துவிட்டான். தண்ணீருக்குள் நின்று அதைத்தான் எனக்குச் சொன்னான். நான் சிரித்தேன். தெரிந்துதான் போனாயா, நாயே? என்னை ஏனடா சத்தியம் செய்ய வைத்தாய்? நீ ஏன் மிஞ்சினாய் என்று கேட்டாயே, எனக்கொரு தம்பி வேணும் என்றுதான் மிஞ்சினாய் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் நின்றிருப்பாயா? நான் சோத்தைத் தின் என்றேன்.

இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமிக்கும் சொல்லவில்லை, மரியரட்ணம் அண்ணைக்கும் சொல்லவில்லை. வலி வந்து செத்தான் என்று ஊர் சொல்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

அடுத்த கிழமை மரியரட்ணம் அண்ணை திரும்பவும் அந்தக் கரைக்கு வெளிக்கிட்டார். யசிந்தாவுக்கு ஏதும் இருக்கோ என்று கேட்டார். செத்த செய்தியைத் தான் சொல்லப் போவதில்லை, உனக்கு எப்படி விருப்பமோ அப்படி எழுது என்றார். கொப்பி ஒற்றையைக் கிழித்துக்கொண்டு இருந்தேன். சிரங்குப் பிள்ளையோடு அந்த முகாமில் கிடக்கிறவளுக்கு என்னத்தை எழுத?

"அன்பின் யசிந்தா, குளிசை கிடைத்தது. நீ சொன்ன மாதிரியே நல்ல குளிசை. தம்பி இப்போது நோவில்லாமல் இருக்கிறான். உயிர்த்த திருநாள் முடிந்து கடலுக்கும் போனான்."

எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் பிழையில்லை.